புகைத்தலைக் கைவிடல்: மனவுறுதியின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

புகைத்தலைக் கைவிடுவது தனிமனிதரின் மனவுறுதியைப் பொறுத்த விடயம் என்ற கருத்து நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. கைவிட்டவர் உறுதி படைத்தவர். கைவிட முயன்று மீண்டும் புகைக்கத் தொடங்கியவர் உறுதி குன்றியவர் என்பதே பொதுவாக வழங்கப்படும் தீர்ப்பு. சமயப் பிரசங்கிகளும் சுகாதாரப் போதனை செய்வோரும் இவ்வாறு கூறும்போது நாம் வியப்படைவதில்லை. ஆனால் மனிதரின் உணர்வு அவர்தம் சமூக வாழ்நிலையினின்றும் பிறப்பது என்பதைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டோரும் இவ்விடயத்தில் மட்டும் அதே தீர்ப்பை ஆராயாது ஒப்புவிப்பது வியப்புக்குரியது. வறுமைக்கு வறியவரின் சோம்பலே காரணம் என்று எவரேனும் கூறின் சீற்றங்கொள்ளும் நாம், புகைத்தலை விடவியலாத தொழிலாளியைப் பார்த்து, அவருக்கு மனமில்லை என்று கூறி அமைந்துவிடுகிறோம்.

மனவுறுதி என நாம் குறிப்பிடுவது வெற்றிடத்தில் தோன்றுவதன்று. எக்காலத்தில், எவ்வகைப் புகையிலையை, யாருடன் சேர்ந்து, எதன்பொருட்டு ஒருவர் கைவிட முனைகிறார் என்பவற்றைப் பொறுத்து அது மிகுதலும் குன்றுதலும் உண்டு. இதனை விளக்குவதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த இரு சம்பவங்களை முதற்கண் நோக்கலாம். அவற்றுள் ஒன்றில் ஒரு நகரமும் மற்றொன்றில் ஒரு நாடும் ஏறத்தாழ ஒரேவேளையிற் புகைப்பதை நிறுத்தின.

முதலாவது சம்பவம் மிலான் நகரைச் சார்ந்தது. அன்று லொம்பாடிப் பிரதேசம் ஒஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. புகையிலை விற்பனை அரசின் ஏகபோகமாக இருந்தமையால், மிலான்வாசி ஒருவர் பற்றவைத்த ஒவ்வொரு சுருட்டும் வியன்னாவின் திறைசேரிக்கு வருவாய் தேடிக் கொடுத்தது. 1848 சனவரி 1 ஆம் திகதி தொடக்கம் புகைப்பதில்லை என நகரமக்கள் தீர்மானித்தனர். அமெரிக்கக் குடியேற்றவாசிகள் பிரித்தானியத் தேயிலையை மறுத்த முன்னுதாரணம் அவர்கள் மனத்தில் இருந்தது. சனவரி 3 ஆம் திகதி ஒஸ்திரியச் சிப்பாய்கள் வாயிற் சுருட்டுடன் வீதிகளில் உலாவரலாயினர். மக்களைச் சீண்டுவதே நோக்கம். கைகலப்பு மூண்டு உயிரிழப்பில் முடிந்தது. அதே ஆண்டு மார்ச் 18 முதல் 22 வரை அந்நகரில் நிகழ்ந்த ஐந்து நாள் எழுச்சிக்கு இது முன்னோடியாக அமைந்தது. புகைத்தலை விட்டு மூன்றே நாளான ஒருவரின் முகத்துக்கு நேரே புகையை ஊதுவதன் கொடுமையை அனுபவித்தோர் அறிவர். அக்கொடுமை அவர்களை மீண்டும் சுருட்டின்பால் ஈர்க்கவில்லை. மாறாக, எதிரி யார் என்பதை அவர்களுக்குத் தெளிவாகக் காட்டிற்று.

இரண்டாவது சம்பவம் விரிவாக நோக்கற்பாலது. 1890 மார்ச்சில் ஈரானின் நாசிருத்தீன் ஷா, மேஜர் டல்பொட் என்னும் பிரித்தானியருக்கு அந்நாட்டின் புகையிலைக் கொள்வனவு, விற்பனை, ஏற்றுமதி ஆகிய அனைத்தையும் 50 ஆண்டுகளுக்கு ஒப்படைத்தார். பிரதியாக ஷாவுக்குக் கிடைக்கவிருந்தது ஆண்டுக்கு 15,000 பவுணும் இலாபத்திற் காற்பங்கும் ஆகும். ஈரானியர் தம் நாட்டில் தாமே விளைவித்துத் தாமே புகைத்த ஒரு பண்டத்தை அந்நியக் கொம்பனி ஒன்றிடம் விற்று, அதனிடமிருந்தே மீண்டும் வாங்க வேண்டிய நிலை இதனால் ஏற்பட்டது. பயிரிடுவோர், தரகர், மொத்த வணிகர், சிறுகடைக்காரர், நுகர்வோர் என்று பல்வேறு வர்க்கத்தினரை ஒருங்கே தாக்கிய ஏகாதிபத்திய நடவடிக்கை இதனைப்போல் வேறொன்று அந்நாட்டில் அதற்குமுன் இருந்ததில்லை எனலாம்.

1891 இன் இளவேனிலில் சீராசிலே தொடங்கிய எதிர்ப்பு தப்ரீசு, இஸ்பஹான் முதலிய நகரங்களுக்குப் பரவிற்று. டிசம்பர் மாதத்தில், அன்றைய ஒட்டோமன் ஆட்சிக்குட்பட்ட சமாரா நகரில் வாழ்ந்த மதத்தலைவர் மிர்சா ஹசன் ஷிராசியின் பெயரில், புகையிலையை எவ்வகையிற் பயன்படுத்துவதும் விலக்கப்பட்டது என்ற பத்வா வெளியாயிற்று. அதனை உண்மையில் எழுதியவர் யார் என்பது குறித்து அக்காலத்திலேயே ஐயம் எழுப்பப்பட்டது. எனினும் மக்கள் ஐயுறவில்லை. புகையிலைக் கடைகள் மூடப்பட்டன. நீர்க்குழாய்கள் உடைக்கப்பட்டன. ஷாவின் அரண்மனை அந்தப்புரத்திலேயே பெண்களும் ஏவலரும் குழாயைத் தொட மறுத்தனர். ஷாவின் பிரெஞ்சு வைத்தியராக அங்கிருந்த பெவ்ரியே, நகரெங்கும் புகைத்தல் நின்றுபோனதைத் தம் நாட்குறிப்பில் வியந்து பதிவுசெய்துள்ளார். 1892 சனவரியில் தெஹ்ரானில் ஆர்ப்பாட்டக்காரர் மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்டுச் சிலர் மாண்டனர். அம்மாதத்திலேயே உரிமைப்பத்திரம் முற்றாக இரத்துச் செய்யப்பட்டது.

புகைத்தலைக் கைவிடுவோர் எதிர்கொள்ளும் உபாதைகள் இன்று நன்கு அறியப்பட்டவை. எரிச்சல், பதற்றம், உறக்கமின்மை, கவனச்சிதைவு, தணியாத வேட்கை ஆகியன முதல் வாரத்தில் உச்சமடைந்து, மூன்று நான்கு வாரங்களிற் படிப்படியாகத் தணிவன. ஈரானியரின் உடல் இவற்றுக்கு விலக்காக இருந்திருக்க முடியாது. மருந்தோ ஆலோசனையோ இன்றி அவர்கள் இதனை எவ்வாறு தாங்கினர்? மதநம்பிக்கை ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே மதத்தின் பெயரால் விதிக்கப்பட்ட வேறு விலக்குகளை அதே மக்கள் இத்துணை ஒருமுகமாகக் கடைப்பிடித்தனர் என்று கூறவியலாது. வேட்கையுற்ற ஒருவரைச் சூழ்ந்திருந்தோர் அனைவரும் அதே வேட்கையை உடையோராய், அதனை அடக்கியோராய் இருந்தனர் என்பதே அடிப்படையான விடயமாகும். தேநீர்க் கடையிற் குழாய் இல்லை. விருந்தினருக்கு அதனை நீட்டுவார் இல்லை. வழக்கமாகக் கைவிடுபவரே சபையில் வேற்றாள். அவரே தம் நடத்தைக்கு விளக்கங் கூறவேண்டியவர். அன்று புகைப்பவர் வேற்றாளானார். நாணம் இடம் மாறிற்று.

இச்சம்பவத்தை மிகைப்படுத்திப் போற்றுதல் நம் நோக்கமன்று. வணிகரும் மதகுருமாரும் தலைமைதாங்கிய ஓர் இயக்கத்துக்குரிய வரையறைகள் அதற்கும் இருந்தன. கொம்பனிக்கு நட்டஈடாக 500,000 பவுண் வழங்கவேண்டி வந்தது. அத்தொகை பிரித்தானியருக்குச் சொந்தமான இம்பீரியல் வங்கியிடமிருந்தே கடனாகப் பெறப்பட்டது. ஈரானின் முதலாவது அந்நியக் கடன் அதுவே. 1905 இல் தொடங்கிய அரசியலமைப்புப் புரட்சியின் முன்னறிவிப்பு இவ்வியக்கம் என்று வரலாற்றாசிரியர் கூறுவதும் பொருத்தமானதே. ஆனால் நம் பொருளுக்கு நெருக்கமான செய்தி மற்றொன்றாகும். பத்வா நீக்கப்பட்டதும் குழாய்கள் மீண்டும் பற்றவைக்கப்பட்டன.

இடைப்பட்ட காலம் ஏறத்தாழ இரண்டு மாதம். உடலின் உபாதைகள் பெரும்பாலோருக்கு அதற்குள் தணிந்திருக்க வேண்டும். எனினும் மீண்டும் புகைத்தனர். உடல் விடுவித்த பின்னரும் சபை விடுவிக்கவில்லை. புகையிலையின் பிணைப்பு அறுக்கவொண்ணாதது என்போரும், ஒரு தீர்மானத்தால் அறுந்துவிடுவது என்போரும் ஒருங்கே தவறுகின்றனர். அது சமூக உறவின் வலுவால் அறுந்தது. அவ்வுறவு தளர்ந்தபோது மீண்டும் முடிச்சிட்டுக்கொண்டது.

1891 இன் ஈரானியர் விட்டது நீர்க்குழாய். இருபதாம் நூற்றாண்டின் தொழிலாளி விட முனைந்தது சிகரட். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது. அமெரிக்கரான ஜேம்ஸ் பொன்சாக் 1880 களின் தொடக்கத்தில் உருவாக்கிய இயந்திரம் நாளொன்றுக்கு நூறாயிரத்துக்கு மேற்பட்ட சிகரட்டுகளைச் சுருட்டித் தள்ளிற்று. அவ்வளவு சிகரட்டைப் புகைப்பதற்கு அன்று உலகில் ஆளில்லை. எனவே ஆளையும் உற்பத்தி செய்ய வேண்டியதாயிற்று. விளம்பரத்தாலும், 1902 இல் பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கொம்பனி தோன்றி உலகச் சந்தையைப் பங்கிட்டதாலும், முதலாம் உலகப்போரிற் படையினருக்குச் சிகரட் வழங்கப்பட்டதாலும் அந்த உற்பத்தி நிறைவேறிற்று. வெப்பக்காற்றிற் பதப்படுத்திய இலையின் புகை மென்மையானது. நுரையீரல் வரை இழுக்கத்தக்கது. இழுத்த சில நொடிகளில் நிக்கொட்டின் மூளையை அடைகிறது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிறது. அதற்கு முன்னரே அடுத்த சிகரட்டை உடல் கேட்கத் தொடங்கும். ஆலையின் சங்கொலிக்கும் இடைவேளைக்கும் இத்துணை இசைவாகப் பொருந்திய போதைப்பொருள் வேறில்லை. ஐந்து நிமிட ஓய்வைத் தொழிலாளி கேட்டுப் பெறுவதற்குச் சிகரட் ஒரு காரணமாயிற்று. புகைக்காதவருக்கு அந்த ஐந்து நிமிடமும் இல்லை. எனவே சிகரட்டை விடுமாறு அவரிடம் கூறுவது, தமக்கென அவர் பெற்றிருந்த அச்சிறு பொழுதையும் விடுமாறு கூறுவதாகவே அவர் செவியில் விழுகிறது.

தனியே நின்று கைவிட முயன்றவருக்குச் சிக்மண்ட் பிராய்ட் தக்க உதாரணம். 1890 களில் இருதயத் தொல்லை காரணமாகப் புகைக்கலாகாது என நண்பரான வைத்தியர் பிளீஸ் தடைவிதித்தார். பிராய்ட் விட்டார், தொடங்கினார், மறுபடியும் விட்டார். 1923 இல் வாயிற் புற்றுநோய் கண்டது. முப்பதுக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளின் பின்னரும் சுருட்டை அவர் முற்றாக விடவில்லை. மனித மனத்தின் இயல்பை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவருக்கு மனவுறுதி போதவில்லை என்று கூறுவது நகைப்புக்கிடமானது. மார்க்ஸ் மட்டும் என்ன! ‘மூலதனம்’ ஈட்டித்தரும் பணம், அதனை எழுதுகையில் தாம் புகைத்த சுருட்டுகளின் விலைக்கும் போதாது என அவர் வேடிக்கையாகக் கூறியதை லபார்க் பதிவுசெய்துள்ளார். இதனை நாம் மறைக்கவேண்டியதில்லை, பெருமையாகப் பேசவேண்டியதுமில்லை.

1950 இல் பிரித்தானியாவில் றிச்சட் டொல், பிறாட்போட் ஹில் ஆகியோரும், அமெரிக்காவில் விண்டர், கிரஹாம் ஆகியோரும் புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை வெளிப்படுத்தினர். டொல் தாமும் புகைத்தவர். ஆய்வு முடிவுகள் தெளிவானபோது கைவிட்டார். 1951 இல் அவ்விருவரும் பிரித்தானிய வைத்தியர்களுக்கு ஒரு வினாக்கொத்தை அனுப்ப, 40,000 க்கு மேற்பட்டோர் விடையளித்தனர். அவர்கள் அரைநூற்றாண்டுக்குத் தொடர்ந்து அவதானிக்கப்பட்டனர். 2004 இல் வெளியான முடிவின்படி, வாழ்நாள் முழுதும் புகைத்தோர் புகைக்காதோரிலும் சராசரியாகப் பத்தாண்டு முந்தி இறந்தனர். 60 வயதிற் கைவிட்டவர் மூன்றாண்டையும், 50 இல் கைவிட்டவர் ஆறாண்டையும், 40 இல் கைவிட்டவர் ஒன்பதாண்டையும், 30 இல் கைவிட்டவர் ஏறத்தாழப் பத்தாண்டையும் மீட்டுக்கொண்டனர்.

இவ்வாய்வில் மற்றொரு வரலாறும் உறைந்திருக்கிறது. முதலிற் பெருந்தொகையாகக் கைவிட்டோர் வைத்தியர்களே. அவர்களுக்கு அறிவு முதலிற் கிட்டியது என்பது உண்மை. உடன்பணியாற்றுவோரும் கைவிட்டமை அவ்வறிவுக்கு வலுவூட்டியது என்பதும் உண்மை. பின்னர் ஏனைய உயர்தொழிலாளர் பின்பற்றினர். இரண்டாம் உலகப்போரை அடுத்த ஆண்டுகளிற் பிரித்தானிய ஆண்களில் ஐவருள் நால்வர் வர்க்க வேறுபாடு பெரிதுமின்றிப் புகைத்தனர். 2023 அளவில் வயதுவந்தோருட் புகைப்போர் நூற்றுக்குப் பன்னிருவர் மட்டில் குறைந்தனர். ஆனால் உடலுழைப்புத் தொழிலாளரிடையே அவ்வீதம் மேலாளர், உயர்தொழிலாளர் வீதத்தின் இருமடங்குக்கும் மேற்பட்டிருந்தது. அங்கு செய்யப்பட்ட ஆய்வுகள் மற்றுமொரு செய்தியைக் காட்டின. கைவிட முயல்வதில் தொழிலாளர் பின்தங்கியோர் அல்லர். முயற்சி ஏறத்தாழச் சமம், வெற்றியே பாதியளவு. மனவுறுதிக் கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. விடவேண்டும் என்ற மனம் இருக்கிறது. விட்டபின் நிற்பதற்கு வேண்டிய ஓய்வு, கடன் நெருக்கடியின்மை, புகையற்ற நட்புச்சூழல் ஆகியனவே சமமாகப் பங்கிடப்படவில்லை.

அக்கோட்பாட்டினால் நன்மை பெற்றோர் யார் என்ற வினாவும் எழுகிறது. 1964 இன் அமெரிக்க அரச அறிக்கை புகைத்தலைப் ‘பழக்கம்’ என்றே வகைப்படுத்திற்று. அது அடிமைப்படுத்துவது என 1988 இலேயே அவ்வரசின் தலைமை வைத்திய அதிகாரி அறிவித்தார். 1994 இல் ஏழு பெரும் சிகரட் கொம்பனிகளின் தலைவர்கள் காங்கிரஸ் குழுவின் முன் சத்தியம் செய்து, நிக்கொட்டின் அடிமைப்படுத்துவதன்று எனச் சாட்சியமளித்தனர். அடிமைப்படுத்தாதாயின் புகைப்பவர் சுதந்திரமாகத் தெரிவு செய்தவர் ஆவார். சுதந்திரமாகத் தெரிவு செய்தவராயின் நோய்க்கும் சாவுக்கும் அவரே பொறுப்பு. நீதிமன்றங்களிற் கொம்பனிகள் நின்றது இந்நிலைப்பாட்டிலேயே. மேடைகளில் நாம் நல்லெண்ணத்துடன் கூறும் மனவுறுதிப் போதனைக்கும் இதற்குமிடையே உள்ள தூரம் நாம் கருதுமளவு பெரிதன்று.

முதலாளித்துவம் ஒழிந்தாற் புகைத்தலும் ஒழியும் என்ற எளிய விடையை வரலாறு ஆதரிக்கவில்லை. சோவியத்து அரசின் முதற் சுகாதார ஆணையாளர் செமாஷ்கோ 1920 இல் புகையிலையைக் கட்டுப்படுத்த எடுத்த முயற்சி நிறைவேறவில்லை. அரசுக்கு வருவாய் தேவைப்பட்டது. சீனாவின் அரச புகையிலைக் கூட்டுத்தாபனமே இன்று உலகின் மிகப்பெரிய சிகரட் உற்பத்தியாளர். பல்கேரியாவின் கதை இவற்றிலும் சிக்கலானது. சோசலிச முகாமுக்குச் சிகரட் வழங்கிய முதன்மை நாடுகளுள் ஒன்றான அந்நாடே, கைவிட விரும்புவோருக்கான மருந்தொன்றையும் 1964 முதல் உற்பத்தி செய்தது. போர்க்காலத்திற் புகையிலைக்குப் பதிலாகச் சிப்பாய்கள் புகைத்த லபுர்னம் மரத்தின் இலையிலுள்ள சைட்டிசின் என்னும் பொருளே அது. ஒருபுறம் நோயையும் மறுபுறம் மருந்தையும் ஒரே அரசு விற்றது என்று எள்ளி நகையாடலாம். அந்நகைப்பிற் பாதி நியாயமுண்டு. ஆனால் மலிவான அம்மருந்தை மேலைநாடுகள் பல தசாப்தங்களாகக் கண்டுகொள்ளவில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அதனோடு தொடர்புடைய வரெனிக்லின் 2006 இல் காப்புரிமையுடன் உயர்விலைக்குச் சந்தைக்கு வந்தது. போலந்தில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வில், சைட்டிசின் உட்கொண்டோருள் ஓராண்டின் பின் புகைக்காதிருந்தோர் நூற்றுக்கு 8.4, வெறுமாத்திரை உட்கொண்டோருள் 2.4. உலக சுகாதார நிறுவனம் அதனைப் பரிந்துரைத்தது 2024 இல். மருந்து பயனுள்ளது, ஆயினும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மருந்தாலும் கரையேறவில்லை என்பதையும் அவ்வெண்கள் கூறுகின்றன.

நம் சொந்த முற்றத்தையும் சிறிது நோக்கவேண்டும். யாழ்ப்பாணத்தின் பணப்பொருளாதாரம் ஒல்லாந்தர் காலந்தொட்டுப் புகையிலையோடு பின்னிப்பிணைந்தது. திருவிதாங்கூருக்குச் சென்ற புகையிலையும் தென்னிலங்கைக்குச் சென்ற சுருட்டும் எத்தனையோ குடும்பங்களின் கல்விக்கும் சீதனத்துக்கும் வழிவகுத்தன. ‘புகையிலை விடு தூது’ என்றொரு பிரபந்தமே நம் மொழியில் உண்டு. (பெயரைப் பார்த்து அது புகையிலையை விடச் சொல்லும் நூல் என்று எண்ணிய மாணவரையும் கண்டிருக்கிறோம், அது பழனி முருகனிடம் புகையிலையையே தூதனுப்பும் நூல்.) சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையையோ கதையையோ உரத்து வாசிக்க, ஏனையோர் கேட்டவாறே சுருட்டும் வழக்கம் இருந்தது. கியூபாவின் சுருட்டாலைகளில் 1865 முதல் நிலவிய வாசிப்பு மரபுக்கு இது ஒப்பானது. உலக அரசியலைத் தொழிலாளர் கேட்டறிந்த இடம் அது. நம் முற்போக்கு மரபின் ஒரு வேர் அக்கொட்டிலில் இருக்கிறது என்பதால், புகையிலை மீது நமக்கு ஒரு பரிவு எஞ்சியிருப்பது இயல்பே. ஆயினும் அப்பரிவு வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் உரியது, சுருட்டுக்குரியதன்று. இலங்கை 2003 இல் ஏற்றுக்கொண்ட புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயம், கைவிடுவோருக்கான உதவியை மட்டுமன்றிப் பயிரிடுவோருக்கு மாற்று வாழ்வாதாரம் அளிப்பதையும் அரசுகளின் கடமையாகக் கூறுகிறது. முன்னதைப் பேசுவோர் பின்னதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

ஈரானிலே கண்ட உண்மையை அண்மைக்கால ஆய்வொன்று வேறு வழியில் உறுதிப்படுத்திற்று. அமெரிக்காவின் பிரமிங்ஹாம் என்னுமிடத்தில் 12,067 பேரின் உறவுத்தொடர்புகளை 1971 முதல் 2003 வரை நோக்கிய அவ்வாய்வு 2008 இல் வெளியாயிற்று. மனிதர் தனித்தனியாகக் கைவிடவில்லை. ஒருவரோடொருவர் தொடர்புடைய குழுக்களாகக் கைவிட்டனர் என்பது அதன் முடிவு. கணவனோ மனைவியோ கைவிட்டபோது மற்றவர் புகைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 67 வீதம் குறைந்தது. நண்பர், உடன்பிறந்தார், சிறு நிறுவனங்களில் உடன்பணியாற்றுவோர் ஆகியோரிடையேயும் அவ்விளைவு காணப்பட்டது. தொடக்கத்தில் உறவு வலையின் நடுவில் இருந்த புகைப்போர், காலப்போக்கில் அதன் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டனர். கைவிட உதவக்கூடியவர்களிடமிருந்தே அவர்கள் தொலைவுபட்டனர் என்பது இதன் மறுபக்கம்.

நம்மிடையே வலை இன்னும் மறுதலையாகவே பின்னப்பட்டிருக்கிறது. இலக்கியக் கூட்டம் முடிந்ததும் சிலர் விறாந்தைக்குச் செல்வர். சிகரட் பற்றவைக்கப்படும். மேடையிற் பேசப்படாதவை அங்கேதான் பேசப்படும். அடுத்த இதழில் எது வரவேண்டும் என்பதும், யாருடன் முரண்படவேண்டும் என்பதும் அங்கேதான் தீர்மானமாகும். சில மாதங்களுக்கு முன் எம்முள் ஒருவர் வைத்திய ஆலோசனைப்படி புகைத்தலைக் கைவிட்டார். இருபதாண்டுப் பழக்கம். முதல் இரு கூட்டங்களின் பின்னரும் அவர் விறாந்தைக்கு வந்து, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமற் சற்றுநேரம் நின்றார். மூன்றாவது கூட்டத்தின் பின் அவர் வரவில்லை. பேச்சு முடிந்து நாங்கள் உள்ளே திரும்பியபோது, அவர் தனியே நாற்காலிகளை அடுக்கி முடித்திருந்தார்.